எழும்பி நின்று எடுத்த பிரஷர்

பிள்ளையார் துணை

தன்னாமுனை,
28.10.2009

அன்புள்ள மகள் கேதீஸ்வரிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மாமாங்கப் பிள்ளையாரின் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் தம்பி உதயரூபன் வீட்டாரும் இங்கே சுகமாக இருக்கிறோம், அதிலும் நான் இரண்டு காலில் நிமிர்ந்து நின்று சுகமாக இருக்கிறேன், அதைப் போலவே நீயும் மருமகன் ரதீஸும் பேத்தியும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் பேனையைத் திறந்தேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வசனம் பேச முதல் அம்மா பறித்துவிடுகிறாள், நீயும் எடுத்த எடுப்பிலேயே அப்பா விழுந்தீங்களா என்றுதான் கேட்கிறாய், ஒரு சுகம் விசாரிப்புக் கிடையாது, சாப்பிட்டீங்களா கிடையாது, விழுந்தீங்களா. இந்தச் சங்கதியை இடையில் ஒருவரும் மறிக்காமல் தலையிலிருந்து வால் வரைக்கும் நானே சொல்ல வேண்டும். ஏனென்றால் மகள், நான் வென்றுவிட்டேன். உன்னையும் உன் தம்பியையும் இராசதுரையையும் ஒன்றாகச் சேர்த்து வென்றுவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் கரடியனாற்று வட்டைக்கு, அந்த வயல்வெளி முழுவதுக்கும், மறுபடியும் நான்தான் வட்டைவிதானை. வயலும் என் கையில்தான்.

அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் நான் விழுந்ததை உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். முழுதையும் கேள். சண்டை முடிந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. முடிந்தது என்று அறிவித்த அன்று றோட்டில் வெடி கொளுத்தினார்கள், நாங்கள் கதவைச் சாத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் அன்று உலை வைக்கவில்லை, அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் அம்மாளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத்தானே வேண்டும், எத்தனையோ வருசம் பயந்து பயந்து செய்த குளிர்த்தியை இந்த முறை கரடியனாற்றுப் பக்கத்துச் சனமெல்லாம் கூடிச் செய்தது. நான் முதல் நாளே விரதம், வாயில் ஒன்றும் இல்லை, பிரஷர் குளிசையை மட்டும் ஒரு மிடறு தண்ணியோடு விடாமல் விழுங்கிவிட்டேன், டொக்டர் தந்த மருந்தை ஒரு நாளும் தவறவிடக்கூடாது என்பதில் நான் எவ்வளவு கண்டிப்பு என்று உனக்குத் தெரியும். கோயில் வெளியில் மணலில் சம்மணம் கட்டி மூன்று மணித்தியாலம் இருந்து அம்மாளின் பாட்டைக் கேட்டேன். குளிர்த்தி நேரம் வந்தது, பறை முழங்கியது, பெண்கள் குரவை போட்டார்கள், சனமெல்லாம் ஒரே எழும்பலாக எழும்ப நானும் இளந்தாரி மாதிரிக் குதித்து எழும்பினேன். கண் இருண்டது, காது கூவியது, உடம்பு ஒரு ஆட்டம் ஆடியது, மணலில் கிடந்தேன்.

வேறு ஊராக இருந்தால் ஆளை நிழலில் படுக்கவைத்து விசிறியிருப்பார்கள். எங்கள் ஊரில் குரவை நேரத்தில் ஒருவன் ஆடி விழுந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தானே. நல்லரத்தினத்தாருக்கு அம்மாள் வந்திட்டா என்று ஒருவன் கத்தினான், மஞ்சள் தண்ணியைத் தலையில் ஊற்றினார்கள், வேப்பிலையால் அடித்தார்கள், நாலு பேர் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். நிறுத்தியதும் மறுபடி விழுந்தேன். அவர்கள் தூக்கித் தூக்கி நிறுத்த நான் விழுந்து விழுந்து எழும்ப, நான் விழ விழ அவர்களுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. உன் அம்மாவின் சித்தப்பா மகன் இராசதுரை, வாழ்நாளில் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மச்சான், அவன் என் காலடியில் விழுந்து தாயே இந்த மாரிக்கு மழை எப்ப என்று கேட்டான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்த எனக்கு வாயில் வந்தது தண்ணி, தண்ணி என்ற ஒரு சொல்தான். கேட்டீங்களா, தண்ணி வரும் எண்டு அம்மாள் வாக்குச் சொல்லிட்டா என்று அவன் சனத்துக்கு அறிவித்தான். குடிக்க ஒரு மிடறு தர ஒருவனுக்கும் தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னால் அடுத்த பத்து நாளும் எனக்கு ராச மரியாதை. வாழைக்குலை வந்தது, இளநீர்க்குலை வந்தது, என்னைக் கண்ட பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றார்கள். அம்மாள் வந்தாளா வரவில்லையா என்று எனக்கே விளங்கவில்லை, பாதியை நம்பினேன், மீதிப் பாதி ருசியாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தத் திமிருக்குத்தான் அடி விழுந்தது. பதினோராம் நாள் விடிகாலை கக்கூசில் இருந்து எழும்பியவன் கதவோடு சேர்ந்து வெளியே வந்து விழுந்தேன், நெற்றியில் நாலு தையல். உன் அம்மா ஓடிவந்து இரத்தத்தைத் துடைத்தபடி, இஞ்சப் பாருங்க, கக்கூசுக்குள்ளயுமா அம்மாள் வந்தவ என்று ஒரு கேள்வி கேட்டாள். அன்னப்பூரணி என்று பெயர் வைத்தார்கள், அவளுடைய வாயில் பூரணமாக இருப்பது வேறு. அந்தக் கேள்வி மத்தியானத்துக்கு முதல் கரடியனாறு போய்ச் சேர்ந்தது. காலில் விழுந்த இராசதுரையே எனக்குக் கக்கூசுச் சாமி என்று பட்டம் வைத்தான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும், நீயும் அதில் கூட்டு. உதயரூபன் என் சைக்கிளைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டான். விறாந்தையில் ஒரு கதிரை போட்டு அப்பா இதை விட்டு எழும்பப்படாது என்றான். நீ கனடாவிலிருந்து, கிழடுகள் பிடித்து நடக்கிற அந்த நாலுகால் வண்டியை அனுப்பினாய். இரண்டு பேரும் போனில் கூடிப் பேசி, ஐந்து ஏக்கரையும் இனி இராசதுரையே செய்யட்டும், அப்பா வட்டைப் பக்கம் போகவே வேண்டாம் என்று முடிவெடுத்தீர்கள், கையெழுத்துக்குத் தாள் கூட வந்துவிட்டது. நான் உங்களில் கோபப்பட்டேன் என்று அம்மா சொல்லியிருப்பாள். கோபம் இல்லை மகள், பயம். பத்தொன்பது வருசம் அந்த வட்டைக்குத் தண்ணி பார்த்தவன், மாடு மறித்தவன், வரம்புச் சண்டை தீர்த்தவன். பிறகு பாதை பூட்டுவதும் திறப்பதுமாக எத்தனை வருசம் என் வயலையே எட்டிப் பார்க்க முடியாமல் கிடந்தேன். ஊருக்குச் சனம் திரும்பி, வட்டை முழுவதும் விதைக்கப்போகிற முதல் மாரி இது. ஒரு வட்டைவிதானையைத் தெரிந்தெடுக்கப் போகிறார்கள். அந்த வருசம் பார்த்தா நான் கதிரையில் இருப்பது? இராசதுரை கூட்டத்தில் எழும்பி, மச்சானுக்கு வரம்பு ஒத்துவராது, கதிரைதான் ஒத்துவரும் என்று சொல்லிச் சிரித்தானாம். அன்று இரண்டு நேரம் நான் சோறு தின்னவில்லை.

இதோடு ஒருவருக்கும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைச்சுற்று இந்த வருசத்தில் வந்தது இல்லை. சுனாமிக்குப் பிறகு இருக்கிறது. கல்லடியில் தண்ணி வந்த அன்று உன் மாமி, என் தங்கச்சி சீதேவிப்பிள்ளையின் கை என் கையில்தான் இருந்தது, காலுக்குக் கீழே மண் போனது, பிறகு என் கை மட்டும்தான் என்னிடம் இருந்தது. அதற்குப் பிறகு படுக்கையை விட்டு எழும்பும்போதெல்லாம் அதே மாதிரிக் காலுக்குக் கீழே நிலம் போகும். முகாமில் வந்து பேசிய பிள்ளைகளும் அது கடல் பயம் ஐயா, மெல்ல மெல்லப் போயிரும் என்றார்கள். நான் அதைத் தங்கச்சி கூப்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவளை விட்டவன்தானே நான், அவள் கூப்பிட்டால் ஆடித்தான் ஆகவேண்டும் என்று ஐந்து வருசம் பேசாமல் ஆடினேன். இதற்கு மருந்து கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆவணியில் குளிசை எடுக்கக் கிளினிக்குக்குப் போனபோதுதான் கதை திரும்பியது. அங்கே புதிதாக ஒரு நேர்ஸ், ஏறாவூர்ப் பிள்ளை, றபீக்கா என்று பெயர். வாப்பா ஆர் என்று கேட்டால் எங்கள் மஜீட் காக்கா! பெரிய சண்டைகளுக்கு முதல் வருசா வருசம் வண்டி கட்டிக்கொண்டு களத்துக்கே வந்து எங்கள் நெல்லை வாங்கிப்போன அதே மஜீட். பிறகு எங்கள் சனத்துக்கும் அவர்கள் சனத்துக்கும் வெட்டுக்குத்து வந்து, இரண்டு ஊருக்கும் நடுவே கிடக்கிற அந்தச் சில மைல் றோட்டை நாங்களும் தாண்டவில்லை, அவர்களும் தாண்டவில்லை. அந்தப் பிள்ளை என்னை இருத்தி பிரஷர் பார்த்தாள், நூற்றி நாற்பத்திரண்டு, வயதுக்குப் பரவாயில்லை என்று எழுதப் போனவள் நெற்றியில் தையல் தழும்பைப் பார்த்துவிட்டுப் பேனையை வைத்தாள். எப்பவும் இருந்துகொண்டுதானா ஐயா பிரஷர் பாத்தீங்க என்று கேட்டாள். பின்னே என்ன பிள்ளை, ஓடிக்கொண்டா பார்ப்பது என்றேன். சிரிக்கவில்லை. கட்டிலில் படுக்கவிட்டு ஐந்து நிமிசம் பேசாமல் கிடக்கச் சொல்லி ஒருக்கால் பார்த்தாள், நூற்றி நாற்பத்தாறு. இப்ப எழும்பி நில்லுங்க, நான் புடிச்சிருக்கன் என்று நிறுத்திவைத்து ஒரு நிமிசத்தில் பார்த்தாள், நூற்றி இரண்டு! அதற்குள் எனக்கு நிலம் போகத் தொடங்கிவிட்டது. உடனே இருத்திவிட்டு, இதுதான் ஐயா உங்களப் போட்டு அடிக்கிற சாமி என்றாள். அவளுடைய வாப்பாவும் இப்படித்தானாம், பள்ளியில் தொழும்போது நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதில் இருந்து எழும்பக்குள்ள விழுந்து தோள் மூட்டு விலகினதாம்.

அவள் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். எழும்பும்போது இரத்தமெல்லாம் காலுக்கு இறங்கும், உடம்பு உடனே நரம்பை இறுக்கி அதை மேலே ஏற்ற வேண்டும், வயது போனால் அந்த வேலை சுணங்கும். வாய்க்காலில் தண்ணி குறைந்தால் மேட்டு வயலுக்கு ஏறாது, மேட்டு வயல் என்பது தலை. சரி, ஏன் இவ்வளவு குறைகிறது என்று என் குளிசைகளைக் கேட்டாள். பையைக் கவிழ்த்துக் காட்டினேன், அவள் தலையில் கை வைத்துவிட்டாள். கிளினிக் கொப்பி சுனாமியோடு போனது உனக்குத் தெரியும்தானே. பிறகு முகாமில் ஒரு கொப்பி தந்தார்கள், வீடு மாறி இங்கே வந்ததும் வேறு இடத்தில் இன்னொரு கொப்பி. ஒன்றில் வெள்ளைக் குளிசை, மற்றதில் றோசாக் குளிசை, இரண்டும் தந்தவர்களை மதித்து இரண்டையும் விழுங்கினேன். இரண்டும் ஒரே மருந்தாம் மகள், நிறம்தான் வேறாம்! போதாததற்கு இந்தத் தை மாதம் உடம்புத் தண்ணியை இறக்கிச் சலம் போகவைக்கிற குளிசையும் ஒன்று கூடியிருந்தது. அங்கே இருந்த ஒருவரிலும் பிழை இல்லை, ஒரு கொப்பியைக் காட்டும் இடத்தில் மற்றதை நான் காட்டியதே இல்லை, கடலோடு எல்லாம் போனவன் இருக்கிற தாளை ஒளித்து ஒளித்துத்தானே வைப்பான். அப்படியென்றால் எல்லாவற்றையும் ஆற்றில் எறிகிறேன் என்று எழும்பினேன், அவளுக்கு வந்ததே கோபம், இரிங்க ஐயா, நீங்களா நிப்பாட்டினா பிரஷர் ஏறி மறுகா பாரிசவாதம் வந்து கிடப்பீங்க என்று ஏசி, இரண்டு கொப்பியையும் டொக்டரிடம் கொண்டுபோனாள். டொக்டர் றோசாவை நிறுத்தினார், சலக் குளிசையை நிறுத்தினார், வெள்ளையின் அளவைக் குறைத்தார், இரண்டு கொப்பியையும் சேர்த்துத் தைத்து ஒன்றாக்கித் தந்தார்.

பிறகு அவள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க என்று கேட்டாள். இரண்டு தேத்தண்ணி என்றேன். ஏன் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், எனக்கே அப்போதுதான் விளங்கியது. இருபது வருசம் பஸ்ஸில் போனால் செக் பொயின்ட்டுக்குச் செக் பொயின்ட் இறக்குவார்கள், வெயிலில் வரிசை, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், வரிசையை விட்டு ஒதுங்கி ஒன்றுக்கு இருக்கப் போனால் அவனுக்குச் சந்தேகம் வரும், அதனால் வெளிக்கிடுகிற நாளில் தண்ணி குடிக்காமல் பழகி, பிறகு வெளிக்கிடாத நாளிலும் குடிக்காமல் பழகிவிட்டேன். அவள், சண்டை முடிஞ்சிட்டு ஐயா, இனித் தண்ணி குடிங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்று கேட்காதே.

வீட்டுக்கு வந்து உதயரூபனோடு ஒரு ஒப்பந்தம் போட்டேன். எங்கள் வட்டை வழக்கம் உனக்குத் தெரியும், விதானையாக நிற்க விரும்புகிறவன் முதல் மழைக்குப் பிறகு சனம் பார்க்க மண்வெட்டியைத் தோளில் வைத்துச் சுற்று வரம்பை முழுவதும் நடந்து, தலைவாய்க்காலில் முதல் வக்கடையை வெட்டித் தண்ணி திறந்துவிட வேண்டும், நடுவில் ஒருவன் கையைப் பிடித்தாலும் கதை முடிந்தது. அந்த வரம்பை நான் நடக்கிறேன், விழுந்தால் அல்லது ஒருவன் கையைப் பிடித்தால் அன்றே தாளில் கையெழுத்து வைத்துவிட்டுக் கதிரையில் இருக்கிறேன், விழாவிட்டால் நீயும் அக்காவும் இனி இந்தக் கதையே எடுக்கக்கூடாது என்றேன். அவன் அரை மனதோடு ஓம் என்றான். உனக்குச் சொல்லாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன், அவனில் கோபப்படாதே.

அன்று தொடங்கினது சாதகம். றபீக்கா சொன்னபடி விடியக் கண் விழித்ததும் எழும்புவதில்லை, படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் இருபது தரம் ஆட்ட வேண்டும், பிறகு கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு தேவாரம் படித்து முடியும் மட்டும் இருக்க வேண்டும், வாப்பாவ பாத்திஹா ஓதச் சொல்லியிருக்கன், நீங்க உங்கட தேவாரத்தப் படிங்க என்றாள். பிறகுதான் எழும்பி, தொடையை இறுக்கிக் கொஞ்ச நேரம் நின்று நடை. என் தேவாரத்தைக் கேட்டு அம்மா தலையணையால் காதைப் பொத்துகிறாள், விழுந்து சாகிறவர் சத்தமில்லாமல் விழுந்தா நாங்களாவது நித்திரை கொள்ளலாம் என்கிறாள், ஆனால் எழும்ப முதல் செம்பில் தண்ணி கொண்டுவந்து வைப்பவளும் அவள்தான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே எழும்புவது இல்லை, வெயிலில் நின்ற பிறகு குனிந்து நிமிர்வது இல்லை. அதோடு கால் உறுதிக்கு வேறு பயிற்சி. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருக்க வேண்டும். பார்த்தாயா, நீங்கள் என்னை இருத்திவைத்த அதே கதிரை! குசினிச் சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஒரு பாதத்தின் குதியை மற்றப் பாதத்தின் விரலில் முட்ட வைத்து ஒரு கோட்டில் நடக்க வேண்டும். அம்மா கிணற்றடியிலிருந்து குசினி வரை அரிசிமாவால் கோடு போட்டுத் தந்தாள், நான் நடந்து திரும்ப முதல் கோழிகள் கோட்டைத் தின்றுவிட்டன. பிறகு அடுப்புச் சாம்பலால் போட்டோம். முதல் கிழமை நாலு அடிக்கு ஒருக்கால் சுவரைப் பிடித்தேன், அம்மா பக்கத்தில் கயிற்றுக் கொடி மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாம் கிழமை அவள் கையை மடக்கிக்கொண்டாள். ஆறாம் கிழமை மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்த் திரும்பினேன். கிளினிக்கில் மறுபடி பார்த்தார்கள், படுத்திருக்க நூற்றி முப்பத்தெட்டு, எழும்பி ஒரு நிமிசத்தில் நூற்றி இருபத்தெட்டு, மூன்றாம் நிமிசத்திலும் அதே. றபீக்கா கையைத் தட்டினாள், வரிசையில் நின்ற கிழடுகளெல்லாம் தங்களுக்கும் எழுப்பிப் பார்க்கச் சொல்லிக் கேட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமைதான் அந்த நாள். இரவு பெய்த முதல் மழையில் வரம்பு சவர்க்காரம் மாதிரிக் கிடந்தது. முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள், உதயரூபன் முகம் வெளுத்து நின்றான், இராசதுரை புதுச் சாரன் கட்டி வந்திருந்தான், நான் விழுந்ததும் அவன் நடக்க வேண்டும்தானே. நான் உதயரூபனின் சைக்கிளில் கட்டிவந்த போத்தல் தண்ணியை முழுவதும் குடித்தேன், வரம்பில் இருந்து பாதத்தை ஆட்டினேன், தேவாரத்தைத் தொடங்கினேன். விதானையார் பூசை துவங்கிட்டார் என்று இராசதுரை சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். படித்து முடித்து, எழும்பி, தொடையை இறுக்கி நின்றேன், நிலம் தன் இடத்தில் இருந்தது. பிறகு நடந்தேன் மகள். முக்கால் மைல். கண்ணைக் காலில் வைக்கவில்லை, எட்டத்து மருத மரத்தில் வைத்தேன், குதியை விரலில் முட்ட வைத்து நம்முடைய சாம்பல் கோட்டில் நடக்கிற மாதிரியே நடந்தேன். ஒரு இடத்தில் நண்டு வளையில் கால் சறுக்கியது, சனம் ஐயோ என்றது, நான் முழங்காலை மடக்கிச் சமாளித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒருவனும் சிரிக்கவில்லை.

உண்மையான சோதனை வக்கடையில்தான். குந்தியிருந்து மண்ணை வெட்டிவிட்டு எழும்ப வேண்டும், அந்த எழும்பலில்தான் நான் விழுவேன் என்று இராசதுரைக்குத் தெரியும், அதற்காகவே எனக்கு எதிரே வரம்பில் குந்தியிருந்து, நான் எங்கேயாவது பிடிக்கிறேனா என்று பூனை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டினேன். தண்ணி வயலுக்குள் பாய்ந்தது. ஐந்து வருசத்தில் முதல் தரம் ஓடுகிற தண்ணியைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறவில்லை. சீதேவியை நினைத்தேன், தங்கச்சி, நீ கூப்பிடவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது, நான்தான் உன்னில் பழி போட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன். ஒரு முழங்காலை ஊன்றினேன், மூச்சு விட்டேன், மற்றக் காலைத் தூக்கினேன், எழும்பி நின்றேன். சனம் கூவியது. இராசதுரையால் தாங்க முடியவில்லை, மச்சான் மண்வெட்டியை ஊன்றிப் பிடிச்சுத்தான் எழும்பினவன், நான் கண்டனான் என்று கத்திக்கொண்டு குதித்து எழும்பினான். எழும்பினவனின் முகம் சாம்பலானது, கண் மேலே போனது, புதுச் சாரனோடு ஒரு ஆட்டம் ஆடினான். மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த ஆட்டத்தை அறிந்தவன் நான் ஒருவன்தானே, பாய்ந்து இடுப்பில் பிடித்து, நிறுத்தாதேங்க, ஒருத்தனும் தூக்கி நிறுத்தாதேங்க என்று கத்தி, வரம்பில் படுக்கவைத்து அவன் காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். இந்த நாளுக்காக அவனும் காலையில் இருந்து விரதமாம்! கண்ணைத் திறந்தவன் சின்னப் பிள்ளை மாதிரி, எனக்கும் அம்மாள் வந்திட்டாவா மச்சான் என்று கேட்டான். மகள், பட்டம் வைப்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை. இல்லடா, இது பிரஷர், அவசரப்படாத, மெல்ல எழும்பு என்று சொல்லி வாயில் தண்ணி ஊற்றினேன். அவன் எழும்பி இருந்து, எல்லாருக்கும் கேட்க, நல்லரத்தினம்தான் விதானை, வேற பேச்சில்ல என்றான். புதன்கிழமைக் கிளினிக்குக்கு அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவதும் நான்தான்.

உதயரூபன் அந்தத் தாளை அங்கேயே கிழித்துத் தண்ணியில் விட்டு, என் சைக்கிள் திறப்பையும் கையில் தந்தான். என்னைக் கட்டிப்பிடித்து அழுதான், நானும் அழுதேன், எழுத வெட்கமில்லை. மஜீட் காக்கா செய்தி கேட்டு அடுத்த நாள் ஒரு வட்டிலப்பத்தோடு தன்னாமுனைக்கு வந்தார், கையில் தடி, எத்தனை வருசத்துக்குப் பிறகு! இரண்டு பேரும் விறாந்தையில் இருந்து ஆளுக்கு ஒரு செம்பு தண்ணி குடித்தோம், எழும்பும்போது ஒருவரை ஒருவர் பார்த்து, மெதுவா காக்கா, மெதுவா தம்பி என்று சொல்லிச் சொல்லி எழும்பினோம். உன் நாலுகால் வண்டி வீணாகவில்லை, அம்மா அதைக் கிணற்றடியில் நட்டுப் பயற்றங்கொடி படர விட்டிருக்கிறாள், நல்லாகக் காய்க்கிறது. இல்லாதவர் எவருக்காவது அது தேவைப்பட்டால் கொடியைப் பிடுங்கிக் கொடுப்பேன், எனக்கு வேண்டாம்.

மகள், நீ பாண் பேக்கரியில் எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்வதாகவும், ஒன்றுக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணி குடிப்பதில்லை என்றும் ரதீஸ் ஒருக்கால் வாய் தவறிச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அங்கே உனக்கு ஒரு செக் பொயின்ட்டும் இல்லை. குடி. மருமகனின் தாய்க்கும் பிரஷர் குளிசை என்றாய், அவவை ஒருக்கால் எழுப்பி நிறுத்திப் பிரஷர் பார்க்கச் சொல்லு, எத்தனை குளிசை எங்கே எங்கே எடுக்கிறா என்று ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோகச் சொல்லு. பேத்திக்கு என் முத்தங்கள். அம்மாளின் குளிர்ச்சியும் பிள்ளையாரின் துணையும் உங்கள் வாசலை விட்டு விலகாமல் இருக்கட்டும், நீங்கள் மூன்று பேரும் நூறு வயது நிமிர்ந்து நில்லுங்கள். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இனி போன் எடுத்தால் அப்பா விழுந்தீங்களா என்று கேட்கக்கூடாது. இண்டைக்கு எத்தனை வரம்பு நடந்தீங்க என்று கேள்.

இப்படிக்கு,
நின்றபடியே கையெழுத்து வைக்கும் உன் அப்பா,
சீ. நல்லரத்தினம்
வட்டைவிதானை, கரடியனாறு